குழந்தை யாருடைய சொத்து?

பக்கத்து வீட்டு மாடு இரவு முழுவதும் கத்திக்கொண்டிருந்தால், காலையில் எழுந்ததும் நாம் அந்த வீட்டுக்காரரைப் பார்த்து, "என்ன ஐயா, மாட்டுக்கு உடம்பு சரியில்லையா? தண்ணீர் காட்டினீரா?" என்று விசாரிக்கின்றோம். அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளுவதில்லை. ஆனால் அதே வீட்டில் ஒரு குழந்தை இரவு முழுவதும் வீரிட்டு அழுதாலும், அடி விழும் சத்தம் நம் சுவர் வரையில் கேட்டாலும், காலையில் நாம் ஒன்றும் கேட்பதில்லை. ஏன்? கேட்டால், "என் பிள்ளையை நான் அடிக்கிறேன், கேட்க நீ யார்?" என்கின்ற பதில் வரும் என்று நமக்குத் தெரியும். அது மாத்திரமல்ல, அந்தப் பதில் நியாயமான பதில்தான் என்று நம்மில் அநேகர் மனதிற்குள் ஒப்புக்கொண்டும் இருக்கின்றோம். மாட்டைப் பற்றிக் கேட்பது ஜீவகாருண்யமாகவும், குழந்தையைப் பற்றிக் கேட்பது ஊர்வம்பாகவும் ஆகிவிட்டது.

"என் பிள்ளை" என்ற சொல்லில் பாசம் இருக்கின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் "என் நிலம்", "என் வீடு", "என் வண்டி" என்று சொல்லுகின்ற வாயினாலேயே அதையும் சொல்லிச் சொல்லி, பாசத்தோடு பாத்தியதையும் அதில் புகுந்துகொண்டது. பெற்றதனாலேயே அடிக்கவும், பட்டினி போடவும், படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பவும், கேட்காமல் கலியாணம் செய்து கொடுக்கவும் தங்களுக்கு அதிகாரம் வந்துவிட்டதாகப் பெற்றோர்கள் நினைத்துக்கொள்ளுகின்றார்கள். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று சொன்னவர்கள் நம் பாட்டிமார்கள்தான். வாயும் வயிறும் வேறு என்றால் வலியும் வேறு, மானமும் வேறு. மூன்று வயதுக் குழந்தைக்கும் தன்னுடையதென்று ஒரு மானம் இருக்கின்றது. பத்துப் பேருக்கு முன் அதை அடித்துப் பாருங்கள். அடித்த வலியைவிட, பார்த்தவர்களின் கண்தான் அதற்கு அதிகமாகச் சுடும்.

"இதெல்லாம் மேல்நாட்டு வியாதி. நம் நாட்டில் பெற்றோர்கள் பிள்ளைகளை உயிராக வளர்க்கின்றார்கள். இங்கே அந்தக் கொடுமை ஏது?" என்று சிலர் கேட்கக்கூடும். இப்படிக் கேட்கின்றவர்களுக்கு நாம் பதில் சொல்லவேண்டியதில்லை. மத்திய சர்க்காரே சொல்லியிருக்கின்றது. சர்க்காரின் பெண்கள், குழந்தைகள் நல இலாகா, 13 மாகாணங்களில் 5 வயது முதல் 18 வயது வரை உள்ள 12,447 பிள்ளைகளை நேரில் விசாரித்து 2007ம் வருஷத்தில் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதன்படி, மூன்று பிள்ளைகளில் இரண்டு பிள்ளைகள் அடி உதைக்கு ஆளானவர்கள். வீட்டுக்குள் அடிபட்டவர்களில் 100க்கு 88 பேருக்கு மேல் பெற்றோர்களாலேயே அடிபட்டவர்கள். 100க்கு 53 பிள்ளைகள் ஏதாவதொரு வகையான பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். அப்படி ஆளானவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். "எங்களுக்கு இருப்பது பையன், எங்களுக்கு என்ன பயம்?" என்று இருந்தவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கொடுமை செய்தவர்கள் யார்? முகம் தெரியாத பிள்ளை பிடிக்கிறவனா? இல்லை. போலீஸ் புள்ளிவிவரங்கள் வருஷந்தோறும் ஒன்றையே சொல்லுகின்றன. குழந்தைகள் மீது நடக்கும் பாலியல் குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அக்குழந்தைக்குத் தெரிந்தவர்களால் நடக்கின்றன. சொந்தக்காரன், பக்கத்து வீட்டான், குடும்ப சிநேகிதன், வாத்தியார், வேலை கொடுத்தவன் இப்படிப்பட்டவர்கள்தான். பூட்ட வேண்டிய கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருக்கின்றோம். திருடனோ உள்ளே உட்கார்ந்து நம்மோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றான்.

இவ்வளவு நடந்தும் வெளியே ஏன் வருவதில்லை என்று பார்த்தால், அதற்கும் நாம்தான் காரணம் என்பது விளங்கும். குழந்தைக்குப் பேச்சு வந்த நாள் முதல் நாம் அதற்குக் கற்றுக்கொடுக்கும் முதல் தர்மம் என்ன? "பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே, கூப்பிட்டால் போ, கொடுத்தால் வாங்கிக்கொள், மடியில் உட்காரச் சொன்னால் உட்கார்" என்பதுதானே! எந்தப் பெரியவருக்கும் எந்தக் காலத்திலும் "மாட்டேன்" என்று சொல்லக்கூடாதென்று பத்து வருஷம் பழக்கிவிட்டு, ஒரு நாள் ஒரு பெரிய மனிதன் அக்கிரமம் செய்யும்போது மட்டும் அது "மாட்டேன்" என்று சொல்லவேண்டுமென்றால் எப்படிச் சொல்லும்? அந்த வார்த்தையையே நாம் அதன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டோமே! துணிந்து தாயிடம் வந்து சொன்னாலோ, "வாயைக் கழுவு, மாமாவைப் பற்றி இப்படிப் பேசலாமா?" என்று முதல் அடி சொன்ன வாயின் மேலேயே விழுகின்றது. பிறகு குடும்ப மானம் என்ற ஒன்று குறுக்கே வந்து நிற்கின்றது. குற்றம் செய்தவனுக்குப் போகாத மானம், குற்றத்துக்கு ஆளான குழந்தைக்குப் போய்விடுமாம்! இந்த மானக் கணக்கை எழுதி வைத்தவன் யார் என்று நாம் கேட்கின்றோம். வேறு சில பெரியவர்களோ, "அதன் தலையெழுத்து, முன்ஜென்மத்தில் செய்த வினை" என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுகின்றார்கள். ஐந்து வயதுக் குழந்தை படும் அடிக்கு அக்குழந்தையையே குற்றவாளியாக்கும் இந்த வேதாந்தத்தைவிட, அடித்தவனுடைய தடியே மேல் என்று சொல்லலாம். ஏனென்றால் தடியாவது ஒரு நாள் முறியும்.

நிற்க, இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டால் உடனே, "சட்டம் போடவேண்டும்" என்று சொல்லுவார்கள். சட்டம் வேண்டியதுதான். ஆனால் சட்டம் மாத்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்குச் சுமார் 150 வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம்.

நியூயார்க் நகரத்தில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒரு கட்டடத்தில் மேரி எல்லன் என்ற சுமார் பத்து வயதுப் பெண் குழந்தை வளர்ப்புத் தாய் ஒருத்தியிடம் இருந்தாள். அவள் அக்குழந்தையைத் தினந்தோறும் சவுக்கால் அடித்து, அறையில் பூட்டிவைத்து, வெளியே விடாமல் வதைத்துக்கொண்டிருந்தாள். ஏழைகளின் வீடுகளுக்குப் போய் உதவி செய்துவந்த எட்டா வீலர் என்ற அம்மையார், அக்கம்பக்கத்தார் சொல்ல இதைக் கேள்விப்பட்டார். பக்கத்து அறையில் நோயாய்ப் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு ஏழை ஸ்திரீ, சுவருக்கு அப்பால் அக்குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்திருந்தாள். வீலர் அம்மையார் போலீசாரிடம் போனார். தர்ம ஸ்தாபனங்களிடம் போனார். எல்லோரும் அனுதாபப்பட்டார்கள், ஒருவரும் கையை அசைக்கவில்லை. கடைசியாக 1874ம் வருஷத்தில், மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சங்கத்தை ஏற்படுத்தி நடத்திவந்த ஹென்றி பெர்க் என்பவரிடம் போனார். அவர் தமது வக்கீல் எல்பிரிட்ஜ் ஜெரி என்பவரைக் கொண்டு நீதிமன்றத்தில் மனுச் செய்யவைத்தார். கம்பளியில் சுற்றப்பட்டு நீதிபதியின் முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட அந்தக் குழந்தையின் உடம்பைப் பார்த்துக் கோர்ட்டே கலங்கிற்று. வளர்ப்புத் தாய்க்கு ஒரு வருஷம் தண்டனை கிடைத்தது.

இந்தச் சங்கதியைச் சொல்லுகின்றவர்களில் பலர், குழந்தைகளுக்குச் சட்டமே இல்லாததால் மிருகச் சட்டத்தின்படி அந்தக் குழந்தையை மீட்டார்கள் என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். அது உண்மையல்ல. அந்த ஸ்திரீ தண்டிக்கப்பட்டது, மனிதரை அடித்துக் காயப்படுத்தியதற்காக முன்னமேயே இருந்த சாதாரணச் சட்டத்தின்படிதான். உண்மை அந்தக் கதையைவிட வெட்கக்கேடானது. சட்டம் இருந்தது; அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டுவதற்குத்தான் ஆள் இல்லை! குதிரைக்காகக் கதவைத் தட்ட ஒரு சங்கம் இருந்தது. குழந்தைக்காகத் தட்ட ஒரு சங்கமும் இல்லை. பெர்க்கும் ஜெரியும் இன்னும் சிலரும் சேர்ந்து அந்த வருஷக் கடைசியிலேயே குழந்தைகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுப்பதற்கென்று நியூயார்க்கில் ஒரு சங்கம் கண்டார்கள். உலகத்தில் அந்த வேலைக்கென்றே ஏற்பட்ட முதல் ஸ்தாபனம் அதுதான்.

இங்கிலாந்தின் யோக்கியதையும் இதற்குக் குறைந்ததல்ல. லண்டனில் மிருகங்களுக்கான சங்கம் 1824ல் ஏற்பட்டது. குழந்தைகளுக்கான சங்கம் 1884ல் ஏற்பட்டது. நாய்க்கும் கழுதைக்கும் பிறகு மனிதக் குழந்தையின் முறை வர 60 வருஷம் சென்றது. குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் தனிச் சட்டம் அங்கு 1889ல்தான் வந்தது. அதுவும் அந்தச் சங்கத்தார் விடாமல் செய்த கிளர்ச்சியினாலேயே வந்தது.

மேரி எல்லனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். வீலர் அம்மையாரின் குடும்பத்தாரிடம் அவள் வளர்ந்தாள்; கலியாணம் செய்துகொண்டாள்; தன் பெண்ணுக்கு எட்டா என்றே பெயர் வைத்தாள்; 92 வயது வரை வாழ்ந்து 1956ல் இறந்தாள். ஒரு அம்மாள் "நமக்கேன் வம்பு" என்று வீட்டுக்குப் போயிருந்தால் இந்த 80 வருஷத்திய வாழ்க்கை இருந்திருக்காது.

ஆனால் அந்தச் சங்கங்களின் குறையையும் நாம் மறைக்கக்கூடாது. ஆரம்பத்தில் அவர்கள் வறுமையையும் கொடுமையையும் ஒன்றாகப் பாவித்தார்கள். கிழிந்த துணியோடும் வெறும் வயிற்றோடும் தெருவில் நின்ற குழந்தைகளையெல்லாம் பிடித்துக்கொண்டுபோய் விடுதிகளில் அடைத்தார்கள். அதனால் நியூயார்க்கில் குடியேறி வாழ்ந்த ஏழை ஜனங்கள் சங்கத்து ஆளைக் கண்டாலே குழந்தையைத் தூக்கி ஒளித்துவைத்தார்கள். காப்பாற்ற வந்தவனைப் பார்த்துத் தாய் ஓடி ஒளிகின்ற காரியம் காப்பாற்றுகிற காரியமாகுமா? இந்தக் குற்றத்தை நாமும் செய்துவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்லுகின்றோம்.

உதாரணமாக, ஒரு தாய் காலை முதல் மாலை வரையில் கட்டட வேலையில் கல் சுமக்கின்றாள். அவளுடைய கைக்குழந்தை செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் தூளியில் கிடக்கின்றது. அல்லது ஐந்து வயது அக்காள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வெய்யிலில் திரிகின்றது. புத்தகக் கணக்குப்படி பார்த்தால் இது குழந்தையைக் கவனியாமல் விட்ட குற்றந்தான். ஆனால் கவனிக்காதது யார்? தாயா? அவளிடம் வேலை வாங்குகிறவனா? அல்லது அவள் கட்டுகின்ற மாளிகையில் குடியேறப் போகின்ற நாமா? இந்தக் கேள்வியை வாயால் கேட்டதோடு நிற்காமல் கையால் பதில் சொன்னவர் மீரா மகாதேவன் என்னும் அம்மையார். 1969ல் டில்லியில் ராஜ்காட் அருகில் நடந்த கட்டட வேலையில், புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றைத் தொடங்கினார். வேலை முடிந்து கூலியாட்கள் அடுத்த இடத்துக்குப் போனால் குழந்தைகள் காப்பகமும் கூடவே போயிற்று. தாயைத் தண்டிக்காமல், குழந்தையைப் பிரிக்காமல், குறையை மட்டும் நீக்கிய காரியம் இது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டட இடங்களில் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கவேண்டுமென்று 1996ல் ஒரு சட்டமும் வந்தது. நமது ஊர்களில் எழும்புகின்ற கட்டடங்களில் எத்தனை இடத்தில் அந்த அறையைக் கண்டீர்கள் என்று வாசகர்களையே கேட்கின்றோம். இங்கேயும் அதே கதைதான்: சட்டம் இருக்கின்றது, கேட்க ஆள் இல்லை.

அடித்த பிறகு தண்டிப்பதைவிட, அடிக்கிற நிலைமை வராமல் தடுப்பது மேல் என்பதற்கு இன்னொரு ருசுவும் காட்டுகின்றோம். அமெரிக்காவில் எல்மைரா என்ற ஒரு சிறு நகரத்தில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் 1977 முதல் ஒரு பரீட்சை நடத்தினார். முதல் பிரசவத்திற்குக் காத்திருந்த 400 பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், அல்லது இளம்வயதினர், அல்லது துணை இல்லாதவர்கள். அவர்களில் ஒரு பகுதியாருடைய வீட்டுக்கு மருத்துவத் தாதிகள் கர்ப்பகாலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை முறையாகப் போய்வந்தார்கள். தாதிகள் உபதேசம் செய்யவோ உளவு பார்க்கவோ போகவில்லை. குழந்தை ஏன் அழுகின்றது, அழுதால் என்ன செய்வது, தூக்கமில்லாமல் தலை வெடிக்கும்போது யாரைக் கூப்பிடுவது, மறுபடி வேலைக்குப் போவது எப்படி என்பவைகளைக் கூட உட்கார்ந்து பேசினார்கள். 15 வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்ததில், தாதி போய்வந்த குடும்பங்களில் குழந்தைக் கொடுமையும் கவனியாமையும் மற்றக் குடும்பங்களில் இருந்ததில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது என்று 1997ல் வெளியிட்டார்கள். இதிலிருந்து விளங்குவது என்ன? அடிக்கின்ற தாய் எல்லாம் ராட்சசி அல்ல. அநேகர் தூக்கமில்லாதவர்கள், கையில் காசில்லாதவர்கள், குடிகாரப் புருஷனிடம் அடிபட்டவர்கள், பேச ஒரு ஆள் இல்லாதவர்கள். மேலே விழுந்த அடி கீழே இறங்குகின்றது. அதற்குக் கீழே இறங்க இடமில்லாத இடத்தில் குழந்தை நிற்கின்றது. இதனால் அடித்தது நியாயமாகிவிடாது. ஆனால் அடியை எங்கே போய் நிறுத்தவேண்டும் என்பது தெரியவரும்.

இனி நம் தேசத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுவோம். பம்பாயில் டாடா சமூக விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியையாக இருந்த ஜெரூ பில்லிமோரியா என்னும் அம்மையார் ரயில் நிலையங்களில் வாழ்ந்த தெருக் குழந்தைகளோடு பழகிவந்தார். கஷ்டம் வந்தால் கூப்பிடுங்கள் என்று தன் டெலிபோன் எண்ணை அவர்களிடம் கொடுத்தார். அவர்களும் நடுராத்திரியில் கூப்பிட்டார்கள். போலீஸ் அடித்தாலும், காய்ச்சல் வந்தாலும், ஒன்றுமில்லாமல் பயமாக இருந்தாலும் கூப்பிட்டார்கள். இதிலிருந்து பிறந்ததுதான் 1996ல் பம்பாயில் ஆரம்பிக்கப்பட்ட 1098 என்ற குழந்தைகள் டெலிபோன் உதவி. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணத் தெரிந்த எந்தக் குழந்தையும் மறக்காத எண். பணம் வேண்டியதில்லை. கூப்பிட்டால் 60 நிமிஷத்திற்குள் ஒரு ஆள் அந்தக் குழந்தையிடம் போய்ச் சேரவேண்டும் என்பது விதி. நாளடைவில் தேசம் முழுவதும் சுமார் ஆயிரம் உள்ளூர் ஸ்தாபனங்கள் இதில் சேர்ந்து வேலை செய்தன.

இந்த எண்ணுக்கு வந்த அழைப்புகளில் ஏராளமானவை பேசாத அழைப்புகள் என்பதைக் கேட்கும்போது யாருக்குத்தான் மனம் கலங்காது? எண்ணைச் சுழற்றத் தைரியம் வந்த குழந்தைக்கு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை! எதிர்த்துப் பேசாதே என்று நாம் கற்றுக்கொடுத்த பாடம் டெலிபோன் கம்பி வரையில் கூட வந்து அதன் கழுத்தைப் பிடிக்கின்றது. அதற்காக டெலிபோனைக் கீழே வைத்துவிடாமல், மறுபுறத்திலுள்ளவர் தாமே பேசிப் பேசி அந்தக் குழந்தையின் பயத்தைத் தெளிவிக்கவேண்டியிருக்கின்றது. நாம் ஒவ்வொருவரும் நமது வீட்டில் செய்யவேண்டிய வேலையும் இதுவேயாகும்.

2023ல் இந்த வேலையைச் சர்க்கார் தன் நிர்வாகத்திலேயே எடுத்துக்கொண்டு, 112 என்ற அவசர உதவி எண்ணோடும் இணைத்துவிட்டது. 1098 என்ற எண் அப்படியே இருக்கின்றது. சர்க்கார் பொறுப்பேற்பதை நாம் குறை கூறவில்லை. குழந்தைகளைக் காப்பது சர்க்காரின் கடமை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களே நாம். ஆனால் சர்க்கார் எடுத்துக்கொண்டது என்றதும், "இனி நமக்கு வேலையில்லை" என்று ஜனங்கள் எழுந்துபோய்விடுவார்களானால், நாம் பழையபடி 1874க்கே போய்ச் சேருவோம். சர்க்காருக்கு டெலிபோன் இருக்கும். சுவருக்கு அப்பால் கேட்கின்ற காது இருக்காது. அந்தக் காது பக்கத்து வீட்டாருடையது.

சட்டத்துக்குக் குறைவில்லை. நமது மாகாணத்தில் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் 1920லேயே வந்துவிட்டது. இந்தியாவிலேயே முதலாவது அது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கின்றது. தன் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமை செய்தாலும் கைவிட்டாலும் 2015ம் வருஷத்திய சட்டப்படி மூன்று வருஷம் வரை தண்டனை உண்டு. பாலியல் குற்றங்களுக்கான 2012ம் வருஷத்திய சட்டமோ, குற்றம் நடந்ததை அறிந்தவர் யாராயிருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்றும், தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை தண்டனை என்றும், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்கு வராது என்றும் சொல்லுகின்றது. குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்காமல், அதன் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, உடுப்பு அணியாத அதிகாரி, கூடியவரை ஒரு பெண் அதிகாரி, போய் விசாரிக்கவேண்டும் என்றும் சொல்லுகின்றது. இவ்வளவு இருந்தும், "நமக்கேன் வம்பு" என்ற இரண்டே சொல் இத்தனை சட்டப் புத்தகங்களையும் மூடி வைத்துவிடுகின்றது.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு பேட்டையிலும் குழந்தைகளுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். இதற்குப் பெரிய கட்டடமும் பெரிய நிதியும் வேண்டியதில்லை. ஒரு உபாத்தியாயர், ஒரு அங்கன்வாடி ஊழியர், ஒரு மருத்துவத் தாதி, ஒரு வக்கீல், நாலு தாய்மார்கள், தெருவை அறிந்த இரண்டு வாலிபர்கள் போதும். சர்க்கார் திட்டப்படியே கிராமங்களில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கவேண்டும். ஜில்லாவுக்கு ஒரு குழந்தைகள் நலக் குழுவும் இருக்கின்றது. உங்கள் கிராமத்துக் குழு கடைசியாக எப்போது கூடிற்று? அதில் யார் யார் அங்கத்தினர்கள்? இந்த இரண்டு கேள்வியைக் கேட்டு விடை வாங்குவதே சங்கத்தின் முதல் வேலையாக இருக்கட்டும்.

இரண்டாவது, பள்ளிக்கூடம் விட்ட பிறகு தாய் தகப்பன் வீடு வரும் வரையில் பிள்ளைகள் இருக்க ஒரு இடம் ஏற்படுத்தவேண்டும். மூன்றாவது, புதிதாகப் பிள்ளை பெற்ற வீட்டுக்கும், குடியினால் கெட்ட வீட்டுக்கும், தாயோ தகப்பனோ இல்லாத வீட்டுக்கும் உளவாளியைப்போல் அல்லாமல் உறவினரைப்போல் போய்வர வேண்டும். நான்காவது, தன் உடம்பு தன்னுடையது என்றும், பிடிக்காததை யார் செய்தாலும், அவர் எவ்வளவு பெரியவராயிருந்தாலும், "வேண்டாம்" என்று சொல்லி ஓடிவந்து நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லலாம் என்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, குழந்தை வந்து சொன்னால் முதலில் நம்பவேண்டும் என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

செய்யக்கூடாதவைகளும் சில உண்டு. குற்றவாளி என்று நினைத்தவனைக் கூட்டம் கூடி அடிப்பது நியாயமும் அல்ல, குழந்தைக்கு நன்மையும் அல்ல. குழந்தையின் பெயரையும் படத்தையும் ஊருக்கெல்லாம் பரப்புவது குற்றம். சட்டமும் அதைத் தடுத்திருக்கின்றது. நாலு பேர் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பணம் வாங்கிக் கொடுத்து ராஜி செய்வதும், கெடுத்தவனுக்கே பெண்ணைக் கட்டிவைப்பதும் முதல் குற்றத்தின் மேல் இரண்டாவது குற்றமேயாகும். அதோடு, சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு அருகில் போக வழி தேடுகின்ற அயோக்கியர்களும் உண்டு. ஆதலால் சங்கத்தில் யாரும் எந்தக் குழந்தையோடும் தனித்து இருக்கக்கூடாது என்ற விதியைச் சங்கத்தார் முதலில் தங்களுக்கே போட்டுக்கொள்ளவேண்டும்.

"அடியாத மாடு படியாது" என்று நமக்குப் பதில் சொல்லுகின்றவர்களுக்கு ஒரே வார்த்தை சொல்லுகின்றோம். நீங்கள் வளர்ப்பது மாடா, மனிதனா? ஸ்வீடன் தேசத்தில் 1979ல் பெற்றோர்கள்கூடப் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். உலகத்திலேயே முதலாவது அது. பால் வாங்கும் அட்டைப் பெட்டிகளிலெல்லாம் அதை அச்சிட்டு வீட்டுக்கு வீடு தெரியப்படுத்தினார்கள். இன்று அறுபதுக்கு மேற்பட்ட தேசங்கள் அந்த வழிக்கு வந்துவிட்டன. அடிக்காததனால் ஸ்வீடன் பிள்ளைகள் கெட்டு, அந்தத் தேசம் கவிழ்ந்து போய்விடவில்லை. அடிபட்டு வளர்ந்தவன் கற்றுக்கொள்ளுவது ஒன்றே ஒன்றுதான்: பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்பது. அந்தப் பாடத்தை மடியில் படித்துவிட்டு வருகின்றவர்களிடம் பிறகு சமத்துவத்தையும் நியாயத்தையும் மேடையில் நின்று பேசி என்ன பிரயோஜனம்?

பெற்றோர்களே! பிள்ளைகள் உங்கள் மூலமாக வந்தவர்களேயொழிய உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்தல்ல. அக்கம்பக்கத்துத் தோழர்களே! இன்று இரவு சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை அழுதால் காலையில் போய்க் கதவைத் தட்டுங்கள். சண்டைக்குப் போகவேண்டாம். "என்ன அம்மா, குழந்தைக்கு என்ன? நான் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். முக்கால் பங்கு வீடுகளில் அந்த ஒரு கேள்வியே போதுமானதாயிருக்கும். மீதிக் கால் பங்கு வீடுகளுக்கு 1098 இருக்கின்றது, சட்டம் இருக்கின்றது. அவைகளைக் கூப்பிட ஒரு மனிதன் மட்டுந்தான் வேண்டும். மாட்டுக்காகப் போய்க் கேட்க நமக்கு வாய் இருக்கும்போது, மனிதக் குழந்தைக்காகக் கேட்க வாய் இல்லை என்று யார் சொன்னாலும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது.